பதினைந்து நிமிடத்துக்கு அப்புறம்

அந்த வருஷம் அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை ஆப்சென்ட் வாங்கியிருந்தாள். மூன்றாவது விழுந்தால் சிங்கப்பூர் தொழிற்சாலையில் அவள் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். பத்தொன்பது வருஷ வேலை, நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நிற்பாள்? நானும் அவளும் மட்டும் இருக்கிற வீடு அது. அந்தப் பேச்சை அவளும் எடுக்க மாட்டாள், நானும் எடுக்க மாட்டேன். ஆனால் சுவரில் தொங்கும் காலண்டரில் அவள் அந்த இரண்டு தேதிகளையும் கறுப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

அக்கா சோம்பேறி இல்லை. சேவல் கூவுவதற்கு முன்னால் எழுந்து துணி துவைத்து முடிக்கிற ஜாதி. அவளைத் தாமதப்படுத்துவது மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற பாலம்தான். உலு திராமிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறி, ஜொகூர் பாருவுக்கு வந்து, இரண்டு பக்கக் குடிநுழைவுச் சோதனையையும் தாண்டி, மதியம் மூன்று மணி ஷிஃப்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இன்னொரு நாள் அதே பஸ், அதே டிரைவர், அதே வழி, மூன்றரை மணி நேரம் ஆகும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அவள் போகிற பஸ்ஸை அனுப்புகிற நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் உத்தியோகம். வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "பெரிய படிப்பு படிச்சா. பஸ்ஸு எப்ப வரும்னு கேட்டா முழிக்கிறா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் என் காதுபடவே சொல்வாள்.

அதனால்தான் ஒரு நியூரல் நெட்வொர்க் செய்து பார்ப்போம் என்று முதலாளியிடம் நானே வாயைக் கொடுத்தேன். முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய சீனப் பெண்மணி. எங்களோடு மலாயில்தான் பேசுவார். எதைச் சொன்னாலும் முதலில் "தா பயா லா", வேண்டாம் போ, என்பார். இரண்டு நாள் கழித்து "சரி, செய்" என்பார். இதற்கும் அப்படியே ஆயிற்று. இரண்டு வருஷத்துப் பயண நேரங்கள் எங்களிடம் இருந்தன. என்ன கிழமை, மழையா வெயிலா, பள்ளி விடுமுறையா, பெருநாளா என்பதையெல்லாம் அதோடு சேர்த்துக் கொடுத்தால், அடுத்த வாரம் எந்த நாளில் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அது சொல்லும். அதை வைத்துப் புறப்படும் நேரத்தைப் போடுவோம்.

முதலில் செய்தது படுதோல்வி. இந்த மாதிரி மெஷினுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், அது செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் தண்டனை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு லாஸ் ஃபங்ஷன் என்று பேர். வழக்கமாக எல்லோரும் போடுகிற ஃபங்ஷனுக்குப் பத்து நிமிடம் முந்திப் போவதும் பத்து நிமிடம் பிந்திப் போவதும் ஒரே தப்பு, ஒரே தண்டனை. அது கணக்குக்குச் சரி, அக்காவுக்குச் சரியில்லை. பத்து நிமிடம் முந்திப் போனால் கேண்டீனில் உட்கார்ந்து தே, அதாவது டீ, குடிப்பாள். பத்து நிமிடம் பிந்திப் போனால் நெஞ்சு படபடக்கக் கேட்டை நோக்கி ஓடுவாள். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

ஆகவே தண்டனையைத் துண்டு துண்டாக நானே வடிவமைப்பது என்று முடிவு செய்தேன். இத்தனை நிமிடம் வரை ஒரு விதி, அதற்கு மேல் வேறு விதி. எந்த இடத்தில் எந்த விதி என்று தெரிய வேண்டுமானால், தாமதமாகப் போய் அனுபவப்பட்ட ஆளிடம் கேட்க வேண்டும். அக்காவின் விடுமுறை நாளில் நோட்டும் பேனாவுமாகப் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவள் சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்துப் போட்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு லேட்டானா எவ்வளவு மோசம்? சரியா சொல்லு" என்றேன்.

"இது என்னடி கேள்வி? போலீஸ்காரி மாதிரி."

"சொல்லு லா."

"அஞ்சு நிமிஷம் வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல போனா லைன் லீடர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. செவப்பு பேனாவால எழுதுவா. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்த மூஞ்சி இன்னும் கொஞ்சம் நீளும். பதினஞ்சு தாண்டிச்சுன்னா முடிஞ்சுது. வேற ஆளப் போட்டுருவாங்க. ஆப்சென்ட்டு."

"பதினஞ்சுக்கு மேல? இருபது, நாப்பது, ஒரு மணி நேரம்?"

அவள் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அதுக்கு அப்புறம் என்ன இருக்கு? வெள்ளம் தலைக்கு மேல போயிட்டா சாண் என்ன, முழம் என்ன?"

ஆகா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. அங்கேயே நோட்டில் வரைந்தேன். முந்திப் போகிற பக்கம் மெல்லிய சரிவு. சரியான நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை கிட்டத்தட்டத் தரை. ஐந்திலிருந்து பதினைந்து வரை செங்குத்தான ஏற்றம். பதினைந்துக்கு அப்புறம் ஒரே மட்டமாக, முடிவில்லாமல் நீளுகிற ஒரு மொட்டை மாடி. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன, பத்துமலைப் படிக்கட்டா?"

"உன் தலையெழுத்து" என்றேன்.

"அதான் இவ்வளவு அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நெத்திலிக்குத் திரும்பினாள்.

அந்தப் படத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் எழுதினேன். பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரம் அதன் சொல்படி பஸ்களை அனுப்பினோம். ஒருத்தர் கூடத் தாமதமாகப் போகவில்லை. முதலாளி என் மேசைக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தார். அவர் கையால் யாருக்கும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா கூட, "பரவால்ல, மண்டையில ஏதோ இருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் யாராவது "நேரம் எப்படிப் போடுறீங்க?" என்று தெரியாமல் கேட்டுவிட்டால் போதும், அரை மணி நேரம் விளக்குவேன். கேட்டவர் மெல்ல நழுவுவதுகூட எனக்குத் தெரியாது.

நான்காவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அக்கா போகிற பஸ்ஸை ஓட்டுகிற அண்ணன் அடுத்த வார அட்டவணையை வாங்கிப் போக வந்தார். லாபிஸ் ஊர்க்காரர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. தாளைக் கையில் வாங்கியவர் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, திங்கக்கெழம பன்னெண்டரைன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே."

"அன்னைக்குத்தானே லீவு முடியுது? மெர்சிங் போனவன், மலாக்கா போனவன், ஊருக்குப் போனவன் பூரா அன்னைக்குத்தான் திரும்பி சிங்கப்பூருக்கு ஓடுவான். பாலத்துல சட்டிபானையோட குடியிருக்கணும்."

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியும்ணே. லீவு நாளெல்லாம் குடுத்துத்தான் வச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா பன்னெண்டரைன்னு சொல்லுது?" என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ரொம்ப தைரியமான மெஷினு லா."

எனக்கு வந்ததே கோபம்! மூன்று வாரம் ஒரு தாமதம் இல்லை. ஒரு வார்த்தை பாராட்டியிருப்பாரா இந்த மனுஷன்? "பஸ்ஸ நீங்க ஓட்டுங்க, கணக்க நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிச்சலூட்டியது. பழைய விடுமுறை நாட்களுக்கு மெஷின் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது என்று எடுத்து, பெரிய எழுத்தில் அச்சடித்து, அவருடைய ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எடுத்துப் பார்த்ததும் அச்சடிக்கிற எண்ணத்தை அப்படியே விட்டேன்.

இரண்டு வருஷத்தில் மோசமான நாட்கள் என்று கொஞ்சம்தான் இருந்தன. நீண்ட விடுமுறையின் கடைசி நாட்கள், சிங்கப்பூர்ப் பக்கம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அப்படி. அந்த நாட்களில் பயணம் மூன்றரை, நான்கு மணி நேரம் எடுத்திருந்தது. மெஷின் சொன்னது என்ன? இரண்டேகால். இரண்டு மணி பத்து. ஒரு சாதாரண புதன்கிழமைக்குச் சொல்வதையே சொல்லியிருந்தது. ஒரு நாளைக் கூடப் பிடிக்கவில்லை. நான் இதுவரை பார்த்ததெல்லாம் சராசரியைத்தான். நூற்றுக்கணக்கான நல்ல நாட்களுக்கு நடுவே இந்தச் சில நாட்கள் அதில் தெரியவே இல்லை. மூன்று வாரம் யாரும் தாமதமாகாததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, அந்த மூன்று வாரத்தில் மோசமான நாள் ஒன்றுகூட வரவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அக்காவுக்கு வேலை. பன்னிரண்டரைக்குப் புறப்பட்டால் நாலரைக்குத்தான் போய்ச் சேருவாள். மூன்றாவது ஆப்சென்ட். அதை நானே என் கையால் அட்டவணை போட்டு, அவள் போனுக்கும் அனுப்பியிருந்தேன்.

தப்பு எங்கே என்று தேடினேன். விடுமுறைத் தேதிகள் தப்பாக ஏறியிருக்குமோ? இல்லை, சரியாகத்தான் இருந்தன. மெஷினுக்கு அந்த நாட்கள் வேறு மாதிரி நாட்கள் என்று தெரியவில்லையா? தெரிய வேண்டியதெல்லாம் கொடுத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை. மூன்று மணிக்கு மேல், வேறு வழி தெரியாமல், மோசமான நாட்களின் தாமதத்தை ஒவ்வொரு புள்ளியாக அந்தப் பத்துமலைப் படத்தின் மேலேயே வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் மொட்டை மாடியில் நின்றன.

"அலமாக்!" என்று கத்திவிட்டேன். முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இந்த மெஷின் கற்றுக்கொள்வது சரிவைப் பார்த்துத்தான். தன் தப்பு நிற்கிற இடத்தில் தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கும். தண்டனை குறைகிற பக்கமாக ஒரு சிறு அடி வைக்கும். மறுபடி தடவும், மறுபடி அடி வைக்கும். லட்சம் முறை இப்படிச் செய்துதான் அது புத்திசாலி ஆகிறது. மொட்டை மாடியில் நிற்கிற புள்ளிக்குச் சரிவு ஏது? இரண்டு மணி நேரத் தாமதத்தை ஒன்றே முக்கால் மணி நேரமாகக் குறைத்தாலும் அதே தண்டனை. இருபது நிமிடமாகக் குறைத்தாலும் அதே தண்டனை. அப்படியிருக்க அது எதற்காக நகரும்? அந்த நாட்களைப் பார்த்து, "போனது போனதுதான்" என்று கையைக் கழுவிவிட்டு, நல்ல நாட்களைக் கவனிக்கப் போய்விட்டது. சாண் என்ன முழம் என்ன என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இதைப் படிப்பில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். மட்டமான இடத்தில் மெஷின் கற்காது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் அக்கா சொன்னது அவ்வளவு உண்மையாக இருந்தது, அதில் மயங்கிப்போய் அப்படியே எழுதிவிட்டேன். தண்டனை அப்படித்தான் இருக்கிறது என்பது ஒரு விஷயம், கற்றுக்கொள்கிறவனுக்கு அதை அப்படியே சொல்லலாமா என்பது வேறு விஷயம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம்தான் நல்ல வேளை, இன்றைக்கு வியாழக்கிழமைதானே, கண் இன்னும் கெடவில்லையே என்று உறைத்தது.

மாடியைச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதினைந்துக்கு அப்புறமும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தண்டனை ஏற வேண்டும், அப்போதுதான் மெஷின் எந்தப் பக்கம் இறங்குவது என்று அறியும். ஆத்திரத்தில் முதலில் அதை மிகவும் செங்குத்தாகப் போட்டுவிட்டேன். மெஷினுக்குக் கிலி பிடித்துவிட்டது. சாதாரண புதன்கிழமைக்கும் காலை ஒன்பதரைக்கே கிளம்பு என்றது. மூன்றரை மணி நேரம் முன்னால் போய் அக்கா அங்கே கோலமா போடுவாள்? இரண்டாவது தடவை சரிவைக் குறைத்தேன், ஆனால் பதினைந்தில் இரண்டு துண்டும் ஒட்டவில்லை. பழைய துண்டு ஓர் உயரத்தில் முடிய, புதிய துண்டு வேறு உயரத்தில் தொடங்கியது. சட்டைக்கு ஒட்டுப் போடும்போது தையலில் இரண்டு துணியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமல்லவா, அது மாதிரி சேர்த்துச் சரி செய்தேன். ஐந்திலிருந்து பதினைந்து வரை இருந்த ஏற்றத்தில் பாதி அளவுக்கு ஒரு சரிவு, முடிவில்லாமல். வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி முடிந்தது. பழைய மோசமான நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றரை என்றது, மூன்றே முக்கால் என்றது. திங்கட்கிழமையைக் கேட்டேன். மூன்று மணி நாற்பது நிமிடம். கேட்டில் முப்பது நிமிடம் கையிருப்பு வைத்தால், பத்து ஐம்பதுக்குப் புறப்பட வேண்டும்.

முதலாளியிடம் போய் நின்றேன். அந்த நேரத்துக்கு வேறொரு பஸ்ஸைத்தான் மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

"நேற்று வரைக்கும் உன் மெஷின் பன்னிரண்டரை என்றது. இன்றைக்குப் பத்து ஐம்பது என்கிறது. எதை நம்புவது?" என்று மலாயில் கேட்டார்.

"தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் இப்படிச் சொன்னதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஒரு மணிக்கே போய்ச் சேர்ந்து எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தால், உன்னையும் அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன்" என்றார். அதுதான் அவர் பாஷையில் சரி.

டிரைவர் அண்ணனுக்கு நானே போன் செய்து நேரத்தை மாற்றியதாகச் சொன்னேன். ஒரு நக்கல் வரும் என்று காத்திருந்தேன். "நல்லது தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். அந்த மனுஷனைத் திட்டியதற்கு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாரிண்ணே" என்றேன். "அட போ லா" என்று போனை வைத்தார்.

அக்காதான் குதித்தாள். "பத்து அம்பதா? லீவு நாளுன்னு கோழி வாங்கி வச்சிருக்கேன். பெரட்டல் வச்சு நிம்மதியா சாப்ட்டுட்டுப் போலாம்னு பாத்தா!"

"பொங்குஸ் பண்ணி, கட்டி எடுத்துக்கிட்டுப் போ."

"மெஷினு மாத்தி மாத்திப் பேசுது. உன்ன மாதிரியே."

ஏன் மாற்றினேன் என்று அப்போது அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவள் பெட்டியில் சோற்றையும் பெரட்டலையும் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடியே போனாள். வீட்டில் நான் மட்டும். ஆபீசுக்கும் விடுமுறை. தொலைக்காட்சியைப் போட்டேன், அணைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். புதிய கணக்கும் தப்பாக இருந்தால்? இந்தத் தடவை மெஷின் பயந்துபோய்ப் பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை, என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் இதுவும் குறைவாகச் சொல்லியிருந்தால்? காலண்டரில் மூன்றாவது சுழியை அவள் போடுவதா, நான் போடுவதா?

பன்னிரண்டு மணிக்குக் கேட்டேன். "இன்னும் கஸ்டம்ஸ் செக்கிங்கு கிட்டகூட போகல. நடக்கிறவன் எங்கள முந்திக்கிட்டுப் போறான்" என்று அக்காவிடமிருந்து பதில். ஒன்றேகாலுக்கு, "பாலத்துல நிக்கிறோம். பெரட்டல் தீந்துபோச்சு." அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஒன்றரை. இரண்டு. இரண்டேகால். நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். சாமி மாடத்துக்கு முன்னால் இரண்டு தடவை போய் நின்றேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்பது சாமிக்கும் தெரியும்.

இரண்டு முப்பத்தாறுக்குப் போன் டிங் என்றது. "வந்தாச்சு. கார்டு தட்டியாச்சு. தே குடிக்கப் போறேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன். அப்பாடா என்று சத்தமாகச் சொன்னேன். அப்புறம் பசி வந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சட்டியில் மிச்சமிருந்த பெரட்டலைச் சோற்றில் போட்டு, நின்றபடியே வழித்துச் சாப்பிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான கோழியை நான் தின்றதில்லை. நாலு மணி வாக்கில் டிரைவர் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி. பன்னிரண்டரைக்குப் புறப்பட்ட வேறொரு நிறுவனத்து பஸ் இன்னும் பாலத்தில் நிற்கிறதாம், எதிர்ப்பக்கம் திரும்பி வரும்போது பார்த்தாராம். அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பாவம்தான். ஆனால் பட்டேன்.

அந்த வாரம் அக்காவின் விடுமுறை நாளில் இருவரும் ரொட்டி சானாய் சாப்பிடக் கடைக்குப் போனோம். பயம் போன தெம்பில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மொட்டை மாடி, சரிவு, மெஷின் கையைக் கழுவிவிட்டுப் போனது, எல்லாம். "உன் பழமொழிதான் என்னைக் கவுத்திருச்சு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்து, வாயில் போடாமல் வைத்திருந்தாள்.

"என்ன?"

"அந்த ரெண்டாவது ஆப்சென்ட்டு" என்றாள். "அன்னைக்குப் பதினெட்டு நிமிஷந்தான் லேட்டு."

"தெரியும். பதினஞ்சுக்கு மேல, அனுப்பிட்டாங்கன்னு சொன்னியே."

"யாரும் அனுப்பல."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் யாரு?"

"நாங்களேதான். கேட்டு வாசல்ல எறங்கி மணியப் பாத்தோம். மூணு பதினெட்டு. முன்னாடி நின்னவ 'இனி போயி என்ன'ன்னு திரும்பி பஸ்ல ஏறுனா. அவ பின்னாடி இன்னொருத்தி. அப்புறம் நானும் ஏறிட்டேன். மொதத் தடவையும் அப்படித்தான். பஸ்ஸோட திரும்புனோம்."

"அப்ப அந்தப் பதினஞ்சு நிமிஷம்? வேற ஆளப் போட்டுருவாங்கன்னு சொன்னது?"

"பஸ்ல சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"எல்லாரும்தான்."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். "பைத்தியமா உனக்கு? மூணு நிமிஷம்! உள்ள போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வேலையே போற அளவுக்கு வந்து நிக்குது, ஒருத்திகூட வாயத் தொறந்து கேக்கலையா?"

அக்கா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "உன் மெஷினுக்குத் தெரியலன்னா ரெண்டு நாளு உக்காந்து சொல்லிக் குடுக்கிற" என்றாள். "எங்களுக்கு யாருடி சொன்னா?"

தே ஆறிப்போயிருந்தது. அவள்தான் இருவருக்கும் இன்னொரு தே சொன்னாள். அதைக் குடித்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தோம்.

மெஷின் அதன்பின் நன்றாகவே ஓடியது. மோசமான நாட்களை முழுக்கப் பிடிக்காவிட்டாலும் பக்கத்தில் வந்தது. ஆனால் டயர் வெடிப்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் பஸ்ஸின் பின் டயர் போய்விட்டது. டிரைவர் அண்ணன் மாற்று வண்டி பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். மணி அப்போது இரண்டே முக்கால். போய்ச் சேர எப்படியும் மூன்று இருபது ஆகும் என்றார். என் கையில் எதுவும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. "உள்ள போ. போயி கேளு" என்று செய்தி மட்டும் அனுப்பினேன். பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

நான்கு மணிக்கு அவளே கூப்பிட்டாள். இடைவேளை இல்லாத நேரம். திரும்பி வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க இருக்க?" என்றேன்.

"உள்ள. டாய்லெட்ல நின்னு பேசுறேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "இருபத்திரெண்டு நிமிஷம். மத்தவளுங்க வண்டியிலயே உக்காந்துட்டாளுங்க. நான் எறங்கி நேரா லைன் லீடருகிட்ட போயி, டயரு வெடிச்சிருச்சு, வேலை செய்யிறேன்னு சொன்னேன். சரி போன்னு லேட்டுன்னு எழுதிக்கிட்டா. ஆப்சென்ட்டு இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டி." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அரை மணி நேரம் வரைக்கும் அவளே உள்ள விடலாமாம். எப்பவுமே அப்படித்தானாம். பதினஞ்சுக்கு அப்புறம் வந்து கேட்ட மொத ஆளு நான்தானாம்."